பொய்யீத் தூண்டில்: கோலமைப்பும் எறிபயிற்சியும்

முகவுரை

மீன் பிடிக்கும் முறைகள் பலவற்றுள் வலையும் பறியும் பெரும்பாலும் தொழிலுக்கு உரியன. தூண்டிலோ தொழிலுக்கும் பொழுதுபோக்குக்கும் ஒருங்கே உதவுவது. தூண்டில் வகைகளுள் ஒன்று, முள்ளின்மேல் இறகும் மயிரும் பட்டு நூலும் சுற்றி ஈயைப்போலச் செய்த பொய்யுருவை ஓடும் நீரின்மேல் எறிந்து மீனை ஈர்ப்பதாகும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நெடுங்காலமாகப் பயின்றுவரும் இக்கலையைப் பொய்யீத் தூண்டில் என்று இக்கட்டுரையில் வழங்குவோம். இதன் கருவிகள் யாவை, கோல் எங்ஙனம் செய்யப்படுகிறது, எறியும் பயிற்சி எத்தகையது என்னும் மூன்றனையும் முறையே ஆராய்வது நம் கருத்து.

மீன் பிடிக்கும் விளையாட்டுக்கும் கல்லூரி மாணவர்க்கும் யாது தொடர்பு எனச் சிலர் வினவுதல் கூடும். பௌதிகம் பயில்வார்க்கு வளைவும் விசையும் பற்றிய பாடம் இதில் உண்டு. உயிர்நூல் பயில்வார்க்குப் பூச்சிகளின் வாழ்க்கை வரலாறு உண்டு. கைத்தொழிலில் விருப்பமுடையார்க்கு மூங்கிலை மயிரிழை அளவாக இழைக்கும் நுட்பம் உண்டு. இவற்றினும் மேலாக, உடல்வலியால் ஆகாததொன்று அளவறிந்த கையால் ஆகும் என்னும் உண்மையை இதனைப்போல் தெளிவாக எடுத்துக்காட்டும் பயிற்சி வேறொன்றைக் காண்பது அரிது.

அடிப்படை உண்மை

கவண் எறிபவன் கல்லின் பாரத்தை எறிகிறான். நம் ஊர்க் குளக்கரையில் மண்புழு கோத்துத் தூண்டில் எறியும் சிறுவனும் ஈயக்குண்டின் பாரத்தையே எறிகிறான். குண்டு முன்னே செல்ல, நூல் பின்னே இழுபட்டுச் செல்கிறது. பொய்யீத் தூண்டிலில் இம்முறை தலைகீழாக மாறுகிறது. சிறிய பொய்யீ ஒன்றின் நிறை ஒரு கிராமின் பத்தில் ஒரு பங்கும் இராது. அதனை எவ்வளவு வலிந்து எறியினும் சில அடிக்கு அப்பால் காற்றில் தயங்கி வீழும். ஆகலின் இங்கே நூலே பாரமாக அமைக்கப்பெற்றது. நூல் காற்றில் விரிந்து செல்ல, அதன் நுனியில் கட்டிய ஈ உடன்செல்கிறது. எறியப்படுவது ஈயன்று, நூலே என்னும் இவ்வொன்றனை உணர்ந்தவர்க்குக் கோல் ஏன் வளையவேண்டும், கை ஏன் நிற்கவேண்டும், எறிபவன் ஏன் காத்திருக்கவேண்டும் என்பன யாவும் தாமே விளங்கும்.

வரலாற்றுச் சுருக்கம்

கி. பி. 200-ஐ ஒட்டி உரோமாபுரியில் வாழ்ந்து கிரேக்க மொழியில் நூல் எழுதிய ஈலியன் என்பவர், மாசிடோனியா நாட்டார் ஆற்றுமீனைப் பிடித்த முறையை விவரித்துள்ளார். அவர்கள் முள்ளின்மேல் சிவந்த கம்பளி மயிரைச் சுற்றிச் சேவலின் தாடிக்குக் கீழ் வளரும் இறகு இரண்டினை அதனோடு பொருத்தினர். அவர்களுடைய கோல் 6 அடி. நூலும் 6 அடி. இவ்வளவு குறுகிய நூலை நீர்மேல் தொங்கவிடலாமேயன்றித் தொலைவில் எறிதல் இயலாது.

இங்கிலாந்தில் 1496-ஆம் ஆண்டில் அச்சாகிய தூண்டில் நூலொன்று பன்னிரண்டு வகைப் பொய்யீக்களைக் கூறுகிறது. ஐசக் வால்டன் 1653-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலுக்கு, அவர் நண்பர் சார்லஸ் காட்டன் 1676-இல் பொய்யீ பற்றிய இரண்டாம் பகுதியை எழுதிச் சேர்த்தார். அக்காலத்து நூல் குதிரைவால் மயிரைத் திரித்துச் செய்தது, இலேசானது, காற்று வீசும் திசையிலேயே செல்வது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எண்ணெய் ஊட்டிய பட்டு நூல் வழக்கிற்கு வந்தபின்னரே, காற்றை எதிர்த்து எறியத்தக்க பாரம் நூலுக்குக் கிட்டியது. நூல் மாறவே கோலும் மாறியது. கோல் மாறவே கலையும் மாறியது.

மெய்யீயும் பொய்யீயும்

ட்ரௌட் என்னும் மீன் குளிர்ந்து தெளிந்த ஓடைகளில் வாழ்வது. அதன் உணவில் பெரும்பகுதி நீர்ப்பூச்சிகளாகும். இவற்றுள் முதன்மையானது, கிரேக்க மொழியில் ஒருநாளைக்குரியது எனப் பொருள்படும் பெயர் பெற்ற பூச்சியினம். இது கற்களின் இடுக்கிலும் மணலிலும் இளமைப் பருவத்தைக் கழித்துப் பின் நீர்மேல் எழுந்து, தோலுரித்துச் சிறகு பெறுகிறது. சிறகு பெற்றபின்னும் மற்றொருமுறை தோலுரிக்கும் வழக்கம் பூச்சிகளுள் இவ்வினத்துக்கே உரியது. நிறைவளர்ச்சி பெற்றபின் இது உணவு உண்பதில்லை. கூடி, முட்டையிட்டு, சில மணி நேரத்திலோ ஓரிரு நாட்களிலோ மாய்கிறது.

ஹாம்ப்ஷயர் நாட்டின் சுண்ணாம்புநில ஆறுகளில் இவற்றை ஆராய்ந்த பிரெடரிக் ஹால்போர்டு 1886-இல் வெளியிட்ட நூலில், நீர்மேல் மிதக்கும் ஈக்களைக் கட்டும் முறையை வகுத்தார். ஸ்கியூஸ் என்பவரோ, மீன் பெரும்பாலும் நீருக்கடியிலேயே இரைகொள்வதைக் கண்டு, சிறகு பெறாத பருவத்தின் பொய்யுருவையும் கையாளலாம் என 1910-இல் எழுதினார். இவ்விருவர் கொள்கைகளையும் பற்றி எழுந்த வாதம் நெடுங்காலம் நிகழ்ந்தது. வாதத்தின் முடிபு எதுவாயினும், மீன் எதனை உண்கிறது எனக் கண்டு அறிந்த பின்னரே ஈயைத் தேர்தல் வேண்டும் என்பதில் இருவரும் ஒத்தவரே. எனவே, எறியுமுன் நோக்குதல் இக்கலையின் முதற்படியாகும்.

கருவிகள்

முதலாவது எறிநூல். இதன் நிறையே எறியப்படும் பாரமாதலின், நூலின் முதல் 30 அடியை நிறுத்து அதற்கு எண் கொடுக்கும் முறை 1961-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. 5-ஆம் எண் நூலின் முதல் 30 அடி 140 கிரெயின், அஃதாவது ஏறத்தாழ 9 கிராம் நிறையுள்ளது. ஒரு சவரன் பொன்னைவிடச் சிறிதே மிகுந்தது. 4-ஆம் எண்ணுக்கு 120 கிரெயின். 6-ஆம் எண்ணுக்கு 160. கோலின்மேல் பொறித்துள்ள எண்ணும் இதனையே சுட்டும். நூலும் கோலும் ஒத்த எண்ணுடையனவாய் இருத்தல் வேண்டும் என்பது தொடக்கத்தார்க்கு முதல் விதி. பட்டு நூலை ஒவ்வொரு நாளும் உலர்த்திக் கொழுப்புத் தடவுதல் வேண்டியிருந்தது. நைலான் முதலிய செயற்கை இழையின்மேல் பிளாஸ்டிக் பூசிய நூல், இரண்டாம் உலகப் போருக்குப் பின் இவ்வருத்தத்தை நீக்கிவிட்டது.

இரண்டாவது, எறிநூலுக்கும் ஈக்கும் இடையே கட்டும் நுனிநரம்பு. இது வழக்கமாக 9 அடி நீளமுடையது. அடியில் பருத்து நுனியில் மெலிவது. நூலின் வேகம் இதன்வழியே சிறிது சிறிதாகத் தணிந்து, ஈயை நீர்மேல் மெல்ல இறக்குகிறது. முன்னாளில் இது பட்டுப்புழுவின் உடலிலுள்ள பட்டுச்சுரப்பியை இழுத்து நீட்டிச் செய்யப்பட்டது. இப்பொழுது தங்கூசி நரம்பே ஆளப்படுகிறது. இதன் பருமனைக் குறிக்கும் எண்ணைப் 11-லிருந்து கழித்தால், கிடைப்பது அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பதாகும். 5 என்று குறித்த நரம்பு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 6 பங்கே.

மூன்றாவது நூல் சுற்றும் உருளை. சிற்றோடைகளில் இது நூலைச் சேமித்து வைக்கும் பெட்டியே. எறிவதில் இதற்குப் பங்கில்லை. எனவே இதனை இத்துடன் விட்டு, யாவற்றினும் சிறந்ததாகிய கோலுக்குச் செல்வோம்.

மூங்கிற்கோல் செய்யும் முறை

முற்காலத்துக் கோல்கள் ஆஷ், ஹிக்கரி முதலிய மரங்களால் ஆயவை, பாரமானவை. அமெரிக்காவில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஈஸ்டன் என்னும் ஊரில் துப்பாக்கி செய்பவராகிய சாமுவேல் பிலிப், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் மூங்கிலைப் பிளந்து ஒட்டிக் கோல் செய்தார். பின்னர் ஹைரம் லெனார்டு என்பவர், ஆறு சிம்புகளை ஒட்டும் கோலைச் சிம்பு வெட்டும் பொறியின் துணைகொண்டு பெருக்கினார். அக்காலத்தில் ஆளப்பட்டது நம் நாட்டிலிருந்து கப்பலேறிச் சென்ற மூங்கிலே. கல்கத்தா மூங்கில் என்றே அதற்குப் பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்சீனத்துக் குவாங்துங் மாகாணத்தின் மூங்கில் அதன் இடத்தைப் பெற்றது. வணிகர் இதனை டோங்கின் மூங்கில் என்று பிழைபட வழங்கினர். காண்டன் நகரில் கிறிஸ்தவக் கல்லூரியாகத் தோன்றிப் பின் லிங்னான் பல்கலைக்கழகமாகிய நிறுவனத்தில் ஆசிரியராயிருந்த மக்லூர் என்னும் தாவரநூலறிஞர், 1931-இல் இதற்கு எழில்மிக்கது என்னும் பொருளமைந்த அறிவியற்பெயரைச் சூட்டினார். கடைத்தெருவில் விலைபோகும் பொருளின் பிறப்பிடத்தைத் தேடிச்சென்று உறுதிசெய்த அவ்வாசிரியரின் உழைப்பு, கல்லூரியில் பணிபுரிவார் நினைக்கத்தக்கது.

மூங்கிலின் வலிமை எங்குளது? வெட்டிய கழியின் வாயை நோக்கினால், மேற்றோலை அடுத்து நார்கள் நெருங்கியும் உட்புறம் செல்லச்செல்ல அருகியும் இருத்தலைக் காணலாம். மேற்புறத்து நாரே கோலின் உயிர். ஆதலின், சிம்பின் உட்பக்கங்கள் இரண்டனை மட்டுமே இழைத்தல் வேண்டும். மேற்பக்கத்தில் பளபளப்பான தோலைச் சுரண்டி நீக்குவதன்றி இழைப்புளி படலாகாது. கோல் செய்வாரின் தலையாய விதி இது.

செய்முறை வருமாறு. நன்கு உலர்ந்த கழியைப் பிளந்து சிம்புகளாக்குவர். ஆறு சிம்புகளின் கணுக்களும் ஓரிடத்தே கூடின் கோல் அவ்விடத்தே நலியுமாதலின், அவற்றை முன்பின்னாகத் தள்ளி அடுக்குவர். கணுக்களை அரத்தால் அராவி, அனலில் வாட்டி நேராக்குவர். பின் ஒவ்வொரு சிம்பையும் மூன்று பக்கமும் ஒத்த முக்கோணமாக, அஃதாவது ஒவ்வொரு கோணமும் 60 பாகையாக இழைப்பர். அவற்றைக் கட்டி வெப்பப் பெட்டியில் வைத்து ஈரம் போக்குவர். இதனால் மூங்கில் விறைப்பு மிகும். இறுதி இழைப்பு எஃகு அச்சில் நிகழும். அவ்வச்சு நீண்ட எஃகுச் சட்டங்கள் இரண்டால் ஆயது. அவற்றின் இடையேயுள்ள பள்ளத்தின் ஆழத்தை 5 அங்குலத்துக்கு ஒன்றாக அமைந்த திருகாணிகளால் கூட்டவும் குறைக்கவும் இயலும். இவ்வாறு அடியில் பருத்து நுனியில் மெலியும் வடிவம் கிடைக்கிறது. ஆறு சிம்புகளையும் பசையிட்டுச் சேர்த்து நூலால் இறுகச் சுற்றி உலரவிட, அறுகோணக் கோல் உருவாகும்.

இழைப்பில் எவ்வளவு நுட்பம் வேண்டும் என்பதைக் கணக்கால் காண்போம். கோலின் நுனிப் பருமன் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 70 பங்கு என்று கொள்வோம். சிம்பு ஒவ்வொன்றும் ஆயிரத்தில் ஒரு பங்கு தடித்துப்போனால், எதிரெதிர்ச் சிம்புகளின் கூட்டாகிய கோல் 72 பங்கு ஆகும். உள்ளீடுள்ள கோலின் விறைப்போ பருமனின் நான்காம் மடிப்பெருக்கத்தைப் பொறுத்தது. எனவே, கண்ணுக்குப் புலனாகாத இம்மிகையால் நுனியின் விறைப்பு ஏறத்தாழ 12 சதவீதம் கூடிவிடும். அதே பிழை 300 பங்கு பருமனுள்ள அடியில் நேர்ந்தால் மிகை 3 சதவீதத்துக்கும் குறைவே. நுனியை நெருங்க நெருங்கக் கையின் பொறுமை மிகவேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே. எவரெட் காரிசன் என்னும் பொறியாளர், கோலின் ஒவ்வோர் இடத்தும் தாக்கும் விசையைக் கணித்து அதற்கேற்பப் பருமனை வகுத்தார். அவர் 1975-இல் மறைந்தபின், அவர்தம் முறை 1977-இல் நூலாக வெளிவந்தது. அதனைக் கற்றுத் தம் வீட்டிலேயே கோல் செய்யத் தொடங்கினார் பலர்.

எஞ்சிய வேலை அணிசெய்வது போன்றது. துண்டுகளை இணைக்க உலோகப் பூண் பொருத்துவர், பிடிக்குத் தக்கை வளையங்களைக் கோத்து ஒட்டி உருட்டுவர், நூல் செல்லும் கம்பி வளையங்களைப் பட்டு நூலால் சுற்றிக் கட்டுவர், வார்னிஷ் பூசுவர்.

1950-இன் இறுதியில் அமெரிக்கா சீனத்து வாணிகத்தைத் தடுத்தபோது மூங்கில் வரத்து நின்றது. கண்ணாடி இழைக் கோல்கள் பரவின. 1970-களில் கரியிழைக் கோல் வந்தது. கரியிழை மூங்கிலினும் இலேசானது, விறைப்பானது. இக்காலத்தில் பெரும்பாலோர் கையாளுவது அதுவே. ஆயினும் வளைவும் நிமிர்வும் பற்றிய விதிகள் எல்லாப் பொருளுக்கும் ஒன்றே. கரியிழை வெறுங்கோலை வாங்கிப் பிடியும் வளையங்களும் தாமே பொருத்திக்கொள்வது தொடக்கத்தார்க்கு எளிய வழியாகும்.

எறிபயிற்சி

எறிதல் பின்னெறிவு, முன்னெறிவு என இரு பகுதியுடையது. நூலைப் பின்புறம் வீசி, அது முழுதும் விரிந்தபின் முன்புறம் வீசுவர். இதில் காக்கவேண்டியவை ஐந்து.

முதலாவது, தொடங்கும்போது நூலில் தொய்வு இருத்தல் ஆகாது. தொய்ந்த நூலை இழுப்பதிலேயே கையின் வீச்சு வீணாகும். இரண்டாவது, கை மெல்லத் தொடங்கிச் சீராக விரைவுற்று, சட்டென நிற்கவேண்டும். கோல் வில்லென வளைந்து விசையைத் தன்னுள் ஏற்கிறது. கை நின்றதும் நிமிர்ந்து அவ்விசையை நூலுக்குக் கொடுக்கிறது. நில்லாத கை கொடாத கையாகும். மூன்றாவது, கோல்நுனி நேர்க்கோட்டிற் செல்லவேண்டும். நுனி சென்ற வழியே நூலும் செல்லும். நான்காவது, கோல் கடக்கும் வில்வட்டம் நூலின் நீளத்துக்கும் கோலின் வளைவுக்கும் ஏற்றதாகவேண்டும். குறுநூலுக்குக் குறுவீச்சு, நெடுநூலுக்கு நெடுவீச்சு. ஐந்தாவது, பின்னெறிவுக்கும் முன்னெறிவுக்கும் இடையே நூல் விரியும்வரை காத்திருத்தல் வேண்டும். நூல் நீளுந்தோறும் காலமும் நீளும்.

இவற்றுள் தொடக்கத்தார்க்கு மிக அரியது இறுதியில் கூறிய காத்திருத்தலே. நூல் முதுகுப்புறத்தே இருத்தலின், அதன் நிலை கண்ணுக்குத் தெரியாது. மனமோ முன்னே விரைகிறது. விரைந்து எறிந்தால் நூல் வண்டிக்காரன் சாட்டையைப்போலச் சொடுக்கும். ஈ அறுந்து போகும். இதற்கு மருந்து, தலையைத் திருப்பிப் பின்னே நோக்குவதேயாம். அதனை இழுக்கென எண்ணற்க. எண்ணிக்கையிட்டு எறிவதும் நன்று. மொண்டானா நாட்டு எழுத்தாளர் நார்மன் மக்லீன் 1976-இல் வெளியிட்ட கதையில், போதகராகிய தந்தை இசை பயில்வோர் கொள்ளும் தாளக்கருவியை வைத்துத் தம் மக்களுக்கு எறிவைப் பயிற்றுவதாக வருவது, இதன் தாளவியல்பை நன்கு காட்டும்.

பிழைகளையும் அவற்றின் காரணத்தையும் அறிதல் பயன் தரும். மணிக்கட்டு அளவின்றி மடிந்து வீச்சு மிக அகன்றால், கோல்நுனி மேல்நோக்கிய வளைவிற் செல்லும். நூலின் மடிப்பு அகன்று வேகம் குன்றி அருகே வீழும். மாறாக, சீரான விரைவின்றி இடையே திடீரென வலிந்து தள்ளினால், நுனி கீழ்நோக்கித் தாழ்ந்து செல்லும். நூல் தன்னைத் தானே குறுக்கிட்டு நரம்பில் முடிச்சிடும். அம்முடிச்சைக் காற்றுமுடிச்சு என்று வழங்குவர். காற்றின்மேற் பழியிட்டாலும், முடிச்சிடுவது பெரும்பாலும் எறிபவன் கையே. முடிச்சுற்ற நரம்பின் வலிமை பெரிதும் குறைந்துவிடும். மீன் பற்றி இழுத்தபோது அறும். முள்ளைத் தாங்கியபடியே மீன் ஓடிப்போகும். எறிபவன் செய்த பிழையின் துன்பத்தை மீன் ஏற்கிறது. எறிபயிற்சியை நீரில் தொடங்காமல் புல்வெளியில் தொடங்குக என நாம் கூறுவது இதனாலேயே.

பயிற்சிக்குப் புல்வெளியே போதும். நரம்பின் நுனியில் முள்ளுக்கு மாறாகச் சிறு கம்பளி நூல்துண்டைக் கட்டுக. முதலில் 25 அல்லது 30 அடி நூலோடு நிறுத்திக்கொள்க. கோலைப் பக்கவாட்டில் தாழ்த்தி, தரைக்கு இணையாக எறிந்தால், மடிப்பின் உருவத்தைக் கண்ணெதிரே காணலாம். அது கைவந்தபின் நிமிர்ந்து எறிக. பின்னர், தரையில் ஒரு வளையத்தை இட்டு அதனுள் வீழ்த்த முயல்க. நாள்தோறும் கால்மணி நேரம் பயில்வது, வாரத்துக்கு ஒருநாள் முழுதும் பயில்வதினும் சிறந்தது. களைத்த கை பிழையையே பழகும். முள் கட்டி எறியும்போது தொப்பியும் கண்ணாடியும் அணிவது இன்றியமையாதது.

நம் மலைகளில்

இக்கலைக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டு. நீலகிரி ஓடைகளில் ட்ரௌட் மீனைக் குடியேற்ற 1860-களில் பிரான்சிஸ் டே முயன்றார், அது நிலைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் மேற்கொண்ட முயற்சியால் வானவில் ட்ரௌட் நிலைபெற்றது; அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையமும் அமைந்தது. வடஅமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குரிய மீன் நம் மலையோடையில் இன்பம் தந்தது உண்மையே. எனினும், வேற்று நாட்டு மீனைப் புதுநீரில் விடுதல், அங்கே முன்பே வாழும் சிற்றுயிர்களுக்குக் கேடாகலாம் என்பதை இக்கால உயிர்நூல் வற்புறுத்துகிறது. ஓடையின் இயல்பை அறியாமல் ஓடையைத் திருத்த முற்படுதல் தகாது.

முடிவுரை

பிடித்த மீனை மீண்டும் நீரில் விடும் வழக்கம் இந்நாளில் பரவியுள்ளது. நல்ல மீன் ஒருமுறை மட்டும் பிடிபட்டு ஒழியத்தக்கதன்று என அமெரிக்கராகிய லீ உல்ப் 1939-லேயே அறிவுறுத்தினார். விடக்கருதுவோர் எதிர்முள் இல்லாத தூண்டில்முள்ளை ஆளுக. மீனைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள்க, உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழுவழுப்பான காப்பைப் போக்கிவிடும். நெடுநேரம் அலைக்கழியாது விரைவில் கரைசேர்க்க. நீரின் வெப்பம் 20 பாகை செல்சியசைக் கடந்தபோது ட்ரௌட் தூண்டிலை நிறுத்துவதே முறை. வெந்நீரில் உயிர்வளி குறைதலின், களைத்த மீன் மீள்வது அரிது.

இதுகாறும் கூறியவாற்றால், கோல் செய்வானுக்கும் எறிவானுக்கும் வேண்டப்படும் பண்பு ஒன்றே என்பது விளங்கும். மூங்கிலின் வலிமை மேற்புறத்து நாரில் உள்ளது என அறிந்தவன் அதனைத் தொடாமல் விடுகிறான். விசை நூலில் உள்ளது என அறிந்தவன் கையை நிறுத்துகிறான். ஓடையின் வாழ்வு மீனில் உள்ளது என அறிந்தவன் மீனை விடுகிறான். எவ்வளவு செய்யலாம் என்பதோடு எங்கே நிறுத்தவேண்டும் என்பதையும் அறிவது கல்வி. மாணவ நண்பர்கள் தமக்குக் கிட்டிய கோலொன்றை எடுத்துக்கொண்டு மாலைப்பொழுதில் விளையாட்டு வெளியின் ஓரத்தே இதனைச் சோதித்துப் பார்ப்பாராக. முதல் வாரத்தில் நூல் கால்களைச் சுற்றும். இரண்டாம் வாரத்தில் தோளைத் தாண்டும். பின்பு ஒருநாள், வலிந்து எறியாதபோது, தானே விரிந்து செல்லும்.